கறுப்புக் காரில் வட்ட வட்டக் கீறல்கள்: மெஷின் இல்லாமல் கையால் தேய்த்து எடுக்க முடியுமா?

நிழல்தேடி எழுதியது:

வணக்கம். ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய கறுப்புக் கார் ஒன்றை அண்மையில் வாங்கினேன். நிழலில் நின்றால் எந்தக் குறையும் தெரியாது. வெயில் பட்டாலோ, இரவில் பெட்ரோல் நிலையத்து விளக்கின் கீழ் நிறுத்தினாலோ பானட் முழுக்க மெல்லிய கீறல்கள், விளக்கைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல் தெரிகின்றன. முன்பு வைத்திருந்தவர் தினமும் காலையில் உலர்ந்த துணியால் தூசி தட்டுவாராம். அதைப் பெருமையாகவே சொன்னார். இது தவிர, இடது பின்கதவில் ஒரு சாண் நீளத்துக்கு ஒற்றைக் கீறல். பம்பர் மூலையில் ஏதோ வெள்ளை வண்டி உரசிவிட்டுப் போன தடம்.

வண்டி நிறுத்தும் இடத்தில் மின்சார வசதி இல்லை. பாலிஷ் மெஷின் வாங்கும் எண்ணமும் இல்லை. ஆனால் பொறுமை உண்டு. ஓய்வு நாள்களில் உட்கார்ந்து தேய்க்கத் தயார். கேட்ட இடமெல்லாம் ஆளுக்கொரு பதில். ஒருவர் வட்டமாகத் தேய்க்கச் சொல்கிறார், இன்னொருவர் நேர்கோட்டில்தான் தேய்க்க வேண்டும் என்கிறார், மூன்றாமவர் பற்பசையே போதும் என்று முடித்துவிட்டார். உண்மையில் கையால் எவ்வளவு தூரம் போக முடியும்? எங்கே நிறுத்த வேண்டும்?


வேகமுள் எழுதியது:

நேரத்தை வீணாக்காதீர்கள். டூயல் ஆக்‌ஷன் மெஷின் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை அசைகிறது. உங்கள் கை நொடிக்கு இரண்டு தடவை போய் வந்தாலே பெரிது. ஒரு பானட்டை முடிப்பதற்குள் தோள் இறங்கிவிடும். மெஷினை இரவல் வாங்குங்கள், மின்சாரம் உள்ள இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோங்கள், அரை நாளில் முடியும்.


பழைய பெயின்டர் எழுதியது:

வேகமுள் சொல்லும் கணக்கு சரி. அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவைத்தான் நான் ஏற்கவில்லை. பட்டறையில் ரப்பிங் வேலையில் கை தேய்ந்தவன் நான். மெஷின் ஒரு மணி நேரத்தில் செய்வதைக் கையால் ஒரு நாளில் செய்யலாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சான கிளியர் கோட்டைக் கையால் கிழிப்பது கடினம். பழக்கமில்லாதவர் கையில் சுழலும் மெஷின் கிடைத்தால் அது மிகச் சுலபம். முதல் முறை இறங்குபவருக்குக் கையே நல்ல ஆசிரியர்.

நிழல்தேடி, முதலில் எதைப் பார்க்கிறோம் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். இரவில் கைப்பேசி டார்ச்சைப் பானட்டின் மேல் பிடித்து மெதுவாக நகர்த்துங்கள். வட்டமும் கூடவே நகரும். அங்கே வட்டமாக எதுவும் கீறப்பட்டிருக்கவில்லை என்பதே அதற்குப் பொருள். கீறல்கள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. விளக்குக்குக் குறுக்காகக் கிடப்பவை மட்டும் ஒளியை உங்கள் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகின்றன, அவை சேர்ந்து வட்டமாகத் தெரிகின்றன. வெள்ளைக் காரிலும் வெள்ளி நிறக் காரிலும் இதே அளவு கீறல் இருக்கும். காட்டிக்கொடுப்பது கறுப்பு.

அடுத்தது தடிமன். தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் எல்லா அடுக்குகளும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். அடியில் துருத் தடுப்பு அடுக்கு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே 40, 50 மைக்ரான் அளவில் நிறமில்லாத கிளியர் கோட். தலைமுடி ஒன்றின் தடிமனே ஏறக்குறைய 70 மைக்ரான் என்றால் நம் கையிருப்பு எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். புற ஊதாக் கதிரைத் தாங்கும் சேர்மங்கள் இந்தக் கிளியர் கோட்டில்தான் இருக்கின்றன. அளவுக்கு மேல் இறக்கினால் இன்று பளபளக்கும், சில வருடங்களில் வெளிறித் தோல் உரியும்.

பாலிஷ் போட்டுக் கீறலை 'எடுப்பது' என்று எல்லோரும் சொல்கிறோம். கீறல் ஒரு பள்ளம். பள்ளத்தை எப்படி எடுப்பது? அதைச் சுற்றியுள்ள மேட்டை இறக்கி, பள்ளத்தின் அடிமட்டத்துக்குக் கொண்டுவருகிறோம், அவ்வளவுதான். மெல்லிய கீறல்கள் சில மைக்ரான் ஆழம்தான் என்பதால் அது நடக்கிறது. ஆழமான கீறலுக்கு இதே வேலையைச் செய்தால் மீதியிருக்கும் கிளியர் கோட்டையும் சேர்த்துக் காலி செய்வீர்கள். அப்படிப்பட்ட கீறலின் விளிம்புகளை மழுக்கிவிட்டு நிறுத்துங்கள். ஒளியைப் பிடிப்பது அந்தக் கூர்மையான விளிம்புதான். அது மழுங்கினாலே பாதி மறைந்துவிடும்.

பின்கதவுக் கீறலுக்கு நகச் சோதனை செய்யுங்கள். நகத்தைக் கீறலுக்குக் குறுக்காக மெதுவாக இழுக்கும்போது நகம் மாட்டினால் அது பாலிஷில் போகாது. தண்ணீர் தெளித்தும் பாருங்கள். ஈரத்தில் மறைந்து, காய்ந்ததும் திரும்பினால் கிளியர் கோட்டோடு நின்ற கீறல். ஈரத்திலும் வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ தெரிந்தால் பிரைமரைத் தொட்டுவிட்டது. அந்த இடத்தில் மட்டும் தொட்டு வைக்கும் டச்சப் பெயின்ட்தான் அதற்கு வழி. பம்பர் மூலையில் இருக்கும் வெள்ளைத் தடத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். அது உங்கள் பெயின்ட்டின் இழப்பு அல்ல, அந்த வண்டியின் பெயின்ட் உங்கள்மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் காம்பவுண்ட் (அரைக்கும் துகள் கலந்த பாலிஷ்) தொட்டுத் தேய்த்தால் பெரும்பகுதி வந்துவிடும். அதன் அடியில் என்ன இருக்கிறது என்பது அப்புறம் தெரியும்.

வேலைக்கு வருவோம். தேய்ப்பதைவிடக் கழுவுவது முக்கியம் என்றால் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். தூசியின் மேல் காம்பவுண்டைப் போட்டுத் தேய்த்தால் உப்புத்தாளை வைத்துத் தேய்ப்பதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டு வாளி வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்றில் கார் ஷாம்பு, மற்றதில் வெறும் தண்ணீர். கழுவும் கையுறையை ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பு வாளியில் முக்க வேண்டும். மேலிருந்து கீழே வாருங்கள். கதவின் கீழ்ப்பகுதி கடைசி, மணல் எல்லாம் அங்கேதான் இருக்கும்.

காய்ந்ததும் மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுப் பானட்டைத் தடவிப் பாருங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு பை வழியாகத் தெரியும். பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத் துகள், தார், மரப்பிசின் எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும். களிமண்போல் பிசையக்கூடிய கிளே பாரை நன்றாக வழுக்கும் திரவத்தோடு தேய்த்தால் அவை வரும். கிளே தவறிக் கீழே விழுந்தால் அந்தத் துண்டை எறிந்துவிடுங்கள். கிளே போட்டதால் மெல்லிய மங்கல் வரலாம், அதுவும் கறுப்பில் வரும். எப்படியும் பாலிஷ் போடப் போகிறோம், பயப்படாதீர்கள்.

பிறகு மாஸ்கிங் டேப். பேனலின் ஓரங்கள், கூர்மையான மடிப்புகள், கறுப்பு ரப்பர், சொரசொரப்பான பிளாஸ்டிக் எல்லாவற்றையும் மூடுங்கள். ஓரங்களில் பெயின்ட் இயல்பாகவே மெல்லியதாக இருக்கும். பிளாஸ்டிக்கில் காம்பவுண்ட் பட்டு வெள்ளையாகக் காய்ந்தால் அதை எடுப்பது தனி வேலை.

காம்பவுண்ட் எது என்று கேட்பீர்கள். பழைய வகையில் அரைக்கும் துகள்கள் தேய்க்கத் தேய்க்க உடைந்து சிறிதாக வேண்டும். அதற்கு மெஷினின் வேகம் தேவை. கையால் பாதி உடைந்த நிலையில் நிறுத்தினால் அதுவே புதிய கீறலைத் தரும். கைக்கு ஏற்றவை உடையாத, ஆரம்பத்திலிருந்தே ஒரே அளவான மிக நுண்ணிய துகள் கொண்டவை. மெக்வயர்ஸ் அல்டிமேட் காம்பவுண்ட் அந்த வகை. கையாலும் போடலாம் என்று தயாரித்தவர்களே சொல்கிறார்கள். வேறு தயாரிப்புகளும் இருக்கின்றன. டப்பாவில் 'கையால் பயன்படுத்தலாம்' என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பற்பசை வேண்டாம். அதிலும் அரைக்கும் துகள் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அது பல்லுக்காகச் செய்தது, கிளியர் கோட்டுக்காக அல்ல. கீறல் மங்கினாற்போல் தோன்றும், அந்த இடமே மங்கலாகிவிடும்.

முழு பானட்டையும் ஒரே மூச்சில் தேய்க்கத் தொடங்காதீர்கள். ஓர் அடிக்கு ஓர் அடி இடம் போதும். ஃபோம் பேடில் நாலு சொட்டுக் காம்பவுண்ட். விரல் நுனியால் அழுத்தக் கூடாது. நுனி அழுத்தினால் அந்த இடம் மட்டும் கூடுதலாக அரைபட்டு விரல் தடம் தெரியும். உள்ளங்கை தட்டையாகப் பேடில் பதிய வேண்டும். பிடியுள்ள பேட் கிடைத்தால் இன்னும் நல்லது. இடம் வலமாக ஒரு சுற்று, ஒவ்வொரு கோடும் முந்தைய கோட்டில் பாதியை மூடும்படி. பிறகு மேலும் கீழுமாக ஒரு சுற்று. முதலில் நன்றாக அழுத்தி, முடிவில் பேடின் எடை மட்டும் இருக்கும் அளவுக்கு இலேசாக. வட்டமா நேர்கோடா என்ற சண்டைக்கு என் பதில்: நேர்கோடு. ஏதாவது தடம் மிச்சமிருந்தாலும் அது சில கோணங்களில் மட்டுமே கண்ணில் படும். வட்டமாகத் தேய்த்து மிச்சம் வைத்தால் எங்கிருந்து பார்த்தாலும் ஏதோ ஒரு பகுதி மின்னும்.

காய விடாமல் சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, டார்ச்சை அடித்துப் பாருங்கள். போதவில்லையென்றால் அதே இடத்தில் மறுபடி. இரண்டு மூன்று முறை செய்தும் நகராத கீறலை விட்டுவிடுங்கள். பத்தில் ஏழு போனால் கையால் அது நல்ல வேலை. அதற்கு மேல் போக ஆசைப்படுபவர்கள்தான் பெயின்ட்டைத் துளைக்கிறார்கள்.

வெயிலில் செய்யாதீர்கள், தொட்டால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். 2000, 3000 எண் வாட்டர் பேப்பர் (ஈரத்தில் தேய்க்கும் நுண்ணிய உப்புத்தாள்) பற்றி யாராவது சொன்னால் காதை மூடிக்கொள்ளுங்கள். அந்தத் தாள் போட்ட தடத்தைக் கையால் மட்டும் பாலிஷ் செய்து எடுப்பது பெரும்பாடு. மேட் பெயின்ட் உள்ள வண்டியாக இருந்தால் இதில் எதையுமே தொடக் கூடாது. தேய்த்த இடம் பளபளத்துவிடும், திரும்ப மேட் ஆகாது.

இதெல்லாம் செய்துவிட்டு மறுபடியும் உலர்ந்த துணியால் தூசி தட்டினால் அடுத்த மாதமே பழைய கதை. இறகுத் துடைப்பம், கழுவும் நிலையத்தின் சுழல் பிரஷ், உலர்ந்த துண்டு: கீறல் பிறக்கும் இடங்கள் இவை.


நிழல்தேடி எழுதியது:

மிக்க நன்றி ஐயா. சொன்னபடி பானட்டின் ஒரு மூலையில் மட்டும் செய்து பார்த்தேன். வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. டேப் ஒட்டிய கோட்டின் இரண்டு பக்கமும் இரண்டு வண்டிகள்! ஆனால் இரண்டு சந்தேகங்கள். கீறல் போன இடத்தில் டார்ச் அடித்தால் மெல்லிய புகைபோன்ற மங்கல் தெரிகிறது. காம்பவுண்டுக்கு மைக்ரோஃபைபர் பேடைத்தான் பயன்படுத்தினேன். இன்னொன்று, வண்டியை வாங்கியபோது இந்தக் கீறல்கள் இவ்வளவு தெரியவில்லை. நான் ஷாம்பு போட்டுக் கழுவக் கழுவக் கூடிக்கொண்டே வந்தன. என் கழுவலில்தான் கோளாறா?

பின்கதவுக் கீறலில் நகம் மாட்டுகிறது. தண்ணீர் விட்டால் மறைகிறது.


பழைய பெயின்டர் எழுதியது:

இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன், அதில் ஒரு தந்திரம் இருக்கிறது. கிளேஸ் என்று ஒரு வகை உண்டு. அது எதையும் அரைக்காது. எண்ணெயும் நுண்ணிய களிமண் போன்ற பொருள்களும் கீறலுக்குள் போய் உட்கார்ந்து நிரப்பிவிடும். விற்பதற்கு முன் அதைப் பூசினால் பானட் புதிது. சில முறை கழுவியதும் நிரப்பியது வெளியேறும், கீறல் தலைகாட்டும். உங்கள் வண்டிக்கு அப்படிப் பூசியிருக்கலாம். கழுவியதில் புதிதாக விழுந்தவையா என்று அறிய, அதிகம் கை படாத கூரையின் நடுப்பகுதியைப் பானட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

உங்கள் வேலையையும் அதே சந்தேகத்தோடு பாருங்கள். காம்பவுண்டிலும் எண்ணெய் உண்டு, அதுவும் கொஞ்சம் மறைக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் 10 முதல் 15 சதவீதம் வரும்படி கலந்து தெளித்துத் துடைத்துவிட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் கீறல் இல்லையென்றால்தான் போனது என்று பொருள்.

மங்கலுக்குக் காரணம் பேட். மைக்ரோஃபைபர் பேட் ஃபோமைவிட வேகமாக அரைக்கும், மென்மையான கிளியர் கோட்டில் அதன் தடத்தையும் விட்டுச் செல்லும். கிளியர் கோட் எல்லா வண்டியிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. மெர்சிடீஸ் 2003இல் நுண்ணிய பீங்கான் துகள் கலந்த கடினமான கிளியர் கோட்டைக் கொண்டுவந்தது. நிசான் 2005இல் நேர்எதிராக, நெகிழ்ந்து மெல்லிய கீறலைத் தானே மூடிக்கொள்ளும் ஒன்றை அறிவித்தது. கடினமானதில் கை வலிக்கும், மென்மையானதில் கண் வலிக்கும். உங்களுடையது மென்மையானது என்று தோன்றுகிறது. கவலை இல்லை: கீறல் சுலபமாகப் போகும், மங்கலை எடுக்க இன்னொரு சுற்று வேண்டும். மென்மையான ஃபோம் பேடில், காம்பவுண்டுக்கு அடுத்த நிலையான மெருகேற்றும் பாலிஷைப் போட்டு, அழுத்தாமல் தேய்த்தால் கறுப்பு திரும்ப ஆழமாகும். இரண்டு மருந்துக்கும் ஒரே பேடைப் பயன்படுத்தாதீர்கள். தேய்க்கும்போது வரும் கிளியர் கோட் துகள் பேடில் சேரும். அவ்வப்போது பழைய பல்துலக்கியால் தட்டி எடுங்கள்.

துடைக்கும் துணியையும் கவனியுங்கள். மென்மையான கறுப்பில் பாலிஷ் முடிந்து துடைக்கும்போதே கீறல் விழுவதுண்டு. துணியில் தையல் ஓரமும் லேபிளும் இருக்கக் கூடாது, லேபிளை வெட்டிவிடுங்கள். அவற்றைத் துவைக்கும்போது துணி மிருதுவாக்கி ஊற்றாதீர்கள், இழைகளில் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும்.

கதவுக் கீறல்: நகம் மாட்டுவதால் ஆழம், ஈரத்தில் மறைவதால் நிறம் தப்பித்தது. சின்ன பேடை இரண்டு விரலில் பிடித்து, விளிம்பு மழுங்கும் வரை தேய்த்துவிட்டு நிறுத்துங்கள். குனிந்து தேடினால் தெரியும். குனிந்து தேடுபவரை வண்டிப் பக்கம் விடாதீர்கள்.

எல்லாம் முடிந்தபின் மெழுகோ சீலன்டோ பூசுங்கள். கார்னாபா மெழுகு சில வாரங்கள் நிற்கும், செயற்கைச் சீலன்ட் சில மாதங்கள். இரண்டும் கீறலைத் தடுக்கும் கவசம் அல்ல. தூசி வழுக்கிக்கொண்டு போகும், தண்ணீர் நிற்காது, அவ்வளவுதான்.


சிவப்புவண்டி எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது மிகப் பழைய சிவப்புக் கார். இதைப் படித்துவிட்டு மெல்லிய பாலிஷ் போட்டேன். பேட் முழுக்கச் சிவப்பாகிவிட்டது. கிளியர் கோட்டைத் தாண்டிவிட்டேனா?


பழைய பெயின்டர் எழுதியது:

பெரும்பாலும் இல்லை. அந்தக் காலத்துத் தனி நிறப் பெயின்ட் பலவற்றில் கிளியர் கோட்டே கிடையாது. நிறமும் பளபளப்பும் ஒரே அடுக்கு. அதைத் தேய்த்தால் நிறம் வரத்தான் செய்யும். மேலே வெளிறிப்போன படலம்தான் முதலில் வருகிறது, அடியில் நல்ல சிவப்பு இருக்கும். ஆனால் வரும் ஒவ்வொரு சிவப்பும் உங்கள் பெயின்ட்தான் என்பதை மறக்காமல், மிக மெல்லிய பாலிஷோடு நிறுத்துங்கள். காம்பவுண்ட் பக்கம் போகாதீர்கள்.

நிழல்தேடிக்கு இது தலைகீழ். கிளியர் கோட் உள்ள வண்டியில் கழிவு வெள்ளையாகவே இருக்க வேண்டும். பேடில் கறுப்பு தெரிந்தால் அந்த நொடியே கையை எடுத்துவிடுங்கள்.


வேகமுள் எழுதியது:

மெஷின் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை. ஆனாலும் ஒன்றைச் சேர்க்கிறேன். காந்த முறையில் பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி இரவல் கிடைத்தால் தேய்ப்பதற்கு முன் எல்லாப் பேனலையும் அளந்துவிடுங்கள். ஒரு கதவு மட்டும் 200 மைக்ரானுக்கு மேல் காட்டினால் அது மறுபடி பெயின்ட் அடித்தது என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். கருவி மொத்தத் தடிமனைத்தான் சொல்லும், கிளியர் கோட் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. பிளாஸ்டிக் பம்பரில் வேலையே செய்யாது.


நிழல்தேடி எழுதியது:

இருவருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: கதவுக் கைப்பிடிக்குப் பின்னால் குழிந்த இடத்தில் நகக் கீறல்கள் நிறைய. அங்கே பேட் நுழையவில்லை.


பழைய பெயின்டர் எழுதியது:

அங்கே வேகமுள்ளின் மெஷினும் நுழையாது, ஆகவே அந்த இடம் முழுக்க நம்முடையது. ஃபோம் பேடைக் கத்தரித்துக் கட்டைவிரல் அளவுத் துண்டாக்குங்கள், அல்லது மைக்ரோஃபைபர் துணியை விரலில் சுற்றிக்கொள்ளுங்கள். குழி என்பதால் நேர்கோடு சரிவராது. சின்னச் சின்ன அசைவு போதும். ஒரே விரல் ஒரே இடத்தில் அழுத்தாமல் நகர்ந்துகொண்டே இருக்கட்டும். முடித்ததும் கைப்பிடியின் அடிப்பக்கம் ஒட்டியிருக்கும் காம்பவுண்டையும் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்து கதவைத் திறப்பவர் சட்டையில் ஒட்டும். அந்தக் குழிக்கென்றே வெட்டிய ஒளிபுகும் ஃபிலிம் துண்டுகள் கிடைக்கின்றன. பாலிஷ் முடித்து, மெழுகு பூசுவதற்கு முன் ஒட்டுங்கள். மெழுகின் மேல் ஒட்டினால் நிற்காது.

வேலையைத் தொடங்குமுன் மோதிரம், கைக்கடிகாரம், பெல்ட் மூன்றையும் கழற்றி வையுங்கள். கூரையைத் துடைக்க எட்டும்போது பெல்ட் பக்கிள் கதவில்தான் உரசும்.